விரல் நுனியில் விளக்கு கட்டியவர்



இப்போது எங்கு பார்த்தாலும் ஆக்மென்டட் ரியாலிட்டி என்ற பேச்சுதான். ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டால் போதும். எதிரே நிற்கிற மெஷின் மேலேயே, எந்த போல்ட்டை முதலில் கழற்ற வேண்டும், எந்த வயரை எந்த ஓட்டையில் செருக வேண்டும் என்று கோடும் அம்புக்குறியும் தெரியும். காலி ஷெட்டுக்குள் நின்றுகொண்டே, இன்னும் வாங்காத மெஷின் எங்கே வரும், அதைச் சுற்றி ஆள் நடக்க இடம் இருக்குமா என்று பார்த்துவிடலாம். நாம் படித்து முடித்து வேலைக்குப் போகும்போது இந்தக் கண்ணாடி நம்ம கைக்கும் வரலாம்.

வேலை செய்பவரின் கை போகிற பாதையைக் கோடாக வரைய வேண்டும், அந்தக் கோட்டை அவர் கண் முன்னாலேயே நிறுத்திக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் கம்ப்யூட்டர் பிறப்பதற்கு முன்பே ஒருவருக்கு வந்துவிட்டது. அவர் செங்கல் கட்டிய கொத்தனார். கல்லூரியில் சேர்ந்து படிக்காதவர். ஒர்க் ஸ்டடி பாடத்தில் அவர் பெயர் ஓரிரு இடத்தில் வரும். இரண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்துவிட்டு நாமும் மறந்துவிடுவோம். அவர்தான் பிராங்க் கில்பிரெத். அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகத் தெரிந்துகொள்வது, நாளைக்கு அந்தக் கண்ணாடியோடு வேலை பார்க்கப் போகிற நமக்கு நல்லது.

கரண்டி பிடித்த கை

அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் ஃபேர்ஃபீல்ட் என்ற ஊரில் 1868 ஜூலை 7 அன்று பிராங்க் பிறந்தார். அவருக்கு நான்கு வயது ஆவதற்குள் அப்பா இறந்துவிட்டார். அம்மா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மாசாசூசெட்ஸ் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார். பாஸ்டன் நகரில் வாடகைக்கு ஆள் வைத்துச் சாப்பாடு போடும் விடுதி நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

பிராங்க் நன்றாகப் படித்தார். மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் நுழைவுத் தேர்வில் தேறினார். இருந்தும் அங்கே சேரவில்லை. அம்மாவின் சுமையைக் குறைக்க வேண்டும் என்று 1885ல், 17 வயதில், ஒரு கட்டட கான்ட்ராக்டரிடம் செங்கல் கட்டும் வேலைக்குப் போனார். நம்மில் பலருடைய அண்ணன்மார்கள் பிளஸ் டூ முடித்ததும் படிப்பை விட்டு வேலைக்குப் போன மாதிரிதான்.

வேலை கற்றுக்கொள்ளப் போன இடத்தில் அவருக்கு ஒரு ஆச்சரியம். ஆளுக்கு ஆள் வேறு விதமாகக் கல் வைத்தார்கள். அது மட்டுமில்லை. ஒரே கொத்தனாரே புது ஆளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது ஒரு மாதிரி, தான் வேகமாகக் கட்டும்போது ஒரு மாதிரி, மெதுவாகக் கட்டும்போது இன்னொரு மாதிரி கையை அசைத்தார். இதில் எதை நான் கற்றுக்கொள்வது என்று அந்தப் பையன் குழம்பினான். அந்தக் குழப்பத்துக்கு விடை தேடுவதே பிறகு அவன் வாழ்நாள் வேலை ஆகிவிட்டது.

பகலில் சாரத்தின் மேல் வேலை, இரவுப் பள்ளியில் டிராயிங் படிப்பு. மேஸ்திரி ஆனார், சூப்பரின்டெண்ட் ஆனார். 1895ல் சொந்தமாகக் கட்டட கம்பெனி தொடங்கினார். நுழைவுத் தேர்வில் தேறியும் தான் படிக்காமல் போன அதே தொழில்நுட்பக் கழகத்துக்கு 1902ல் லோவல் எலக்ட்ரிகல் ஆய்வுக்கூடத்தைக் கட்டிக் கொடுத்தவர் அவர்தான்!

பதினெட்டு அசைவு ஐந்தானது

அந்தக் காலத்தில் கொத்தனார் ஒவ்வொரு கல்லுக்கும் குனிந்து, கால்மட்டத்திலிருந்து எடுப்பார். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நல்ல முகத்தைத் தேடுவார். சாந்தை எடுத்துப் பரப்பி, கல்லை வைத்து, கரண்டிக் காம்பால் தட்டி உட்கார வைப்பார். கில்பிரெத் எண்ணிப் பார்த்தார். ஒரு கல் வைக்க 18 அசைவுகள்.

அவர் என்ன செய்தார்? சுவர் உயர உயர சாரத்தையும் உயர்த்தும்படி அமைத்தார். கல்லும் சாந்தும் கைக்கு எட்டும் உயரத்தில் தனித் தட்டில் இருந்தன. குனிகிற வேலை போயிற்று. கல்லை இறக்கும்போதே கீழே ஒருவர் நல்ல முகம் மேலே இருக்கும்படி பிரித்து அடுக்கிக் கொடுத்தார். தேடுகிற வேலையும் போயிற்று. சாந்தின் பதத்தைச் சரியாக வைத்தால் கையால் அழுத்தினாலே கல் உட்கார்ந்துவிடும். தட்டுகிற வேலையும் போயிற்று. 18 அசைவு ஐந்தாகக் குறைந்தது. ஒரு வகைச் சுவரில் நாலரைக்கே வந்துவிட்டது. ஒரு ஆள் ஒரு மணி நேரத்தில் 120 கல் கட்டிய இடத்தில் 350 கல் கட்ட முடிந்தது. இதையெல்லாம் அவர் 1909லும் 1911லும் புத்தகங்களாக எழுதினார்.

எங்க அப்பா முப்பது வருஷமாகக் கொத்தனார் வேலை பார்க்கிறவர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். இந்தக் கணக்கை வீட்டில் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. சித்தாள் கல் கொடுக்கிற விதத்திலேயே பாதி வேலை முடிந்துவிடும் என்றார். அப்புறம் ஒன்று கேட்டார். 120 கல் 350 ஆயிற்றே, கூலி எவ்வளவு ஆயிற்று என்று.

நம்ம பாடப்புத்தகத்தில் இல்லாத கேள்வி அது. கில்பிரெத்தின் வாழ்க்கை முழுவதும் அந்தக் கேள்வி அவர் பின்னாலேயே வந்தது.

ஒரே மேசையில் இருவர்

1904ல் கில்பிரெத் லில்லியன் மோலரை மணந்தார். லில்லியன் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கியவர். திருமணத்துக்குப் பின் மனோதத்துவம் படித்து, 1915ல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். கணவர் கையைப் பார்த்தார், மனைவி மனதைப் பார்த்தார் என்று சொல்லலாம். 1914ல் அவர் எழுதிய நிர்வாக மனோதத்துவ நூல் எல்.எம்.கில்பிரெத் என்ற பெயரில் வந்தது. எழுதியவர் பெண் என்பது அட்டையைப் பார்த்தால் தெரியாது. அந்தக் காலம் அப்படி!

அவர்களுக்கு 12 குழந்தைகள். ஒரு பெண் குழந்தை 1912ல் தொண்டை அடைப்பான் நோயில் இறந்துபோனது. மற்றப் பிள்ளைகளோடு அந்த வீடே ஒரு சோதனைச்சாலை மாதிரி நடந்தது. கில்பிரெத் நேரம் மிச்சம் பிடிக்க இரண்டு கையிலும் சவரக் கத்தி பிடித்துப் பார்த்தாராம். சில விநாடிகள் மிச்சம் ஆயின, ஆனால் வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போட அதைவிட அதிக நேரம் ஆயிற்று. அத்தோடு அதை விட்டுவிட்டார் என்று பிள்ளைகள் இருவர் 1948ல் வெளியிட்ட புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள்.

ஸ்டாப் வாட்சா? கேமராவா?

தொழிற்சாலை நிர்வாகத்தில் அப்போது பெரிய பெயர் பிரடெரிக் டெய்லர். கையில் ஸ்டாப் வாட்ச் வைத்து, ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை நிமிஷம் என்று கணக்குப் போட்டவர். கில்பிரெத் 1907ல் அவரைச் சந்தித்து முதலில் சீடர் மாதிரிதான் இருந்தார். ஆனால் தொழிலாளிகளுக்கு அந்தக் கடிகாரத்தைக் கண்டாலே ஆகவில்லை. 1911ல் வாட்டர்டவுன் அரசு ஆயுதத் தொழிற்சாலையில் வார்ப்புத் தொழிலாளிகள் ஸ்டாப் வாட்சை எதிர்த்து வேலைநிறுத்தமே செய்தார்கள். விஷயம் நாடாளுமன்ற விசாரணை வரை போயிற்று.

கில்பிரெத் வேறு வழி தேடினார். 1912ல் பிராவிடன்ஸ் நகரில் நியூ இங்கிலாந்து பட் கம்பெனி என்ற, கயிறு பின்னும் மெஷின் செய்கிற தொழிற்சாலையில் சினிமா கேமராவைக் கொண்டு போய் வைத்தார். அப்போது கேமராவைக் கையால் சுற்ற வேண்டும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைவெளி சமமாக இருக்காது. அதனால் வேகமாக ஓடும் ஒரு கடிகாரத்தையும் படத்துக்குள்ளேயே வைத்தார். ஒரு நிமிஷத்தை 2000 பங்காக்கிக் காட்டும் கடிகாரம் அது. அந்த ஒரு பங்குக்குத்தான் விங்க் என்று பெயர். ஒரு ஆள் ஒரு நாளில் 18 மெஷின் அசெம்பிள் செய்த இடத்தில் 66 செய்ய முடிந்தது.

இந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, மனிதக் கை செய்கிற எந்த வேலையையும் தேடுதல், கண்டுபிடித்தல், தேர்ந்தெடுத்தல், பிடித்தல், கொண்டுபோதல், பொருத்துதல் என்று 17 அடிப்படை அசைவுகளாகப் பிரித்தார்கள். அதற்கு வைத்த பெயர்தான் தெர்ப்ளிக். கில்பிரெத் என்ற பெயரை ஆங்கிலத்தில் ஏறக்குறையத் திருப்பிப் படித்தால் தெர்ப்ளிக். இனிமேல் யாருக்கும் மறக்காது இல்லையா?

டெய்லர் கூட்டத்தாரோடு உறவு சில வருஷத்தில் முறிந்தது. 1920ல் கணவனும் மனைவியும் சேர்ந்து ஸ்டாப் வாட்ச் முறையைக் குற்றம் சாட்டி டெய்லர் சங்கத்திலேயே கட்டுரை படித்தார்கள். கடிகாரம் எவ்வளவு நேரம் ஆயிற்று என்றுதான் சொல்லும், ஏன் ஆயிற்று என்று சொல்லாது என்பது அவர்கள் கட்சி.

வெளிச்சக் கோடு

சினிமாப் படம் தனித்தனித் துண்டாகத்தான் காட்டுகிறது. கை போன முழுப் பாதையை ஒரே பார்வையில் பார்க்க வேண்டுமே! அதற்குக் கில்பிரெத் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிமை. தொழிலாளியின் விரலில் மோதிரம் மாதிரி ஒரு சின்ன மின்விளக்கைக் கட்டினார். கேமராவின் கண்ணைத் திறந்து வைத்துவிட்டு வேலையைச் செய்யச் சொன்னார். பிலிமைக் கழுவினால், கை போன வழியெல்லாம் வெள்ளைக் கோடு!

அடுத்து, விளக்குக்குப் போகிற கரண்டை விட்டு விட்டுப் போகும்படி செய்தார். கோடு புள்ளி புள்ளியாக வந்தது. கை வேகமாகப் போன இடத்தில் புள்ளிகள் தள்ளித் தள்ளி, மெதுவாகப் போன இடத்தில் நெருங்கி நெருங்கி. ஒவ்வொரு புள்ளியும் ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் மெலிந்து பேரிக்காய் வடிவில் இருந்ததால் கை போன திசையும் தெரிந்தது. இரண்டு லென்ஸ் கேமராவில் எடுத்ததால் ஆழமும் தெரிந்தது. கட்டம் போட்ட ஒரு திரையை அதே பிலிமில் இரண்டாம் தடவை படமெடுத்து, வேலை நடந்த இடத்தின் மேலேயே கிராஃப் ஷீட் விரித்த மாதிரி செய்தார். கை எத்தனை அங்குலம் நகர்ந்தது என்று அளக்க முடிந்தது.

கொஞ்சம் யோசியுங்கள் நண்பர்களே! நிஜமான வேலையிடத்தின் மேல், கண்ணுக்குத் தெரியாத கோடும் அளவும். இன்றைக்குக் கண்ணாடிக்குள் வருவதும் இதே எண்ணம்தான்.

அதோடும் நிற்கவில்லை. படத்தில் இருந்த கோட்டைப் பார்த்து வளைத்த கம்பியில் மாடல் செய்தார். நல்ல வேலைக்காரரின் கை எப்படிப் போகிறது என்பதைப் புது ஆள் அந்தக் கம்பியின் மேல் விரலை ஓட்டியே கற்றுக்கொள்ளலாம். 17 வயதில் மூன்று மாதிரி கையசைவைப் பார்த்துக் குழம்பிய பையனுக்கு இப்போதுதான் விடை கிடைத்தது என்று தோன்றுகிறது.

களைப்பும் ஒரு கணக்கு

வேகத்தை மட்டும் பார்த்திருந்தால் கில்பிரெத்தை நாம் பாராட்ட வேண்டியதில்லை. 1916ல் கணவனும் மனைவியும் களைப்பைப் பற்றியே தனியாக ஒரு புத்தகம் எழுதினார்கள். தேவையில்லாத அசைவு என்றால் தேவையில்லாத களைப்பு. அதைத் தொழிலாளி தலையில் கட்டுவது அநியாயம் என்பது அதன் சாரம். நின்றே செய்யும் வேலைக்கு உயரமான நாற்காலி, நடுவில் ஓய்வு, வெளிச்சம் என்று சொன்னார்கள். களைப்பைக் குறைக்கும் நாற்காலிகளையும் சாதனங்களையும் சேர்த்துச் சின்ன அருங்காட்சியகமே வைத்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கும் கேமரா போயிற்று. ஆபரேஷன் நடுவில் டாக்டரே கத்தியையும் இடுக்கியையும் தேடுவதைப் படத்தில் காட்டினார்கள். நர்ஸ் ஒருவர் உரிய கருவியை அவர் கையில் வைக்கும் முறைக்குக் கில்பிரெத் ஆதரவாக நின்றார்.

முதல் உலகப் போர் வந்தது. கை கால் இழந்து திரும்பியவர்களுக்கு என்ன வேலை கொடுப்பது? கில்பிரெத் தம்பதியர் சைமோ சார்ட்டை எடுத்தார்கள். ஒரு வேலையில் எந்த விரல், எந்தக் கை, எந்தக் கால் எந்த நேரத்தில் என்ன செய்கிறது என்று காட்டும் அட்டவணை அது. இழந்த கை செய்த வேலையை அடுத்த கைக்கோ காலுக்கோ மாற்ற முடியுமா, மெஷினை மாற்றினால் முடியுமா என்று பார்த்தார்கள். ஆளை மெஷினுக்குத் தக்கபடி வளைக்காமல் மெஷினை ஆளுக்குத் தக்கபடி மாற்றிய வேலை இது. 1920ல் இதுவும் புத்தகமாக வந்தது.

கில்பிரெத்தும் போர்க்காலத்தில் ராணுவத்தில் மேஜராகச் சேர்ந்து பயிற்சிப் படங்கள் எடுத்தார். ஓக்லஹோமா மாநிலத்து ஃபோர்ட் சில் முகாமில் கடுமையாக நோய்வாய்ப்பட்டார். பிழைத்தார், ஆனால் இதயம் பலவீனமாகிவிட்டது. அப்படியும் ஓயவில்லை. 1921ல் பிராசஸ் சார்ட் முறையை அமெரிக்க மெக்கானிகல் எஞ்சினியர்கள் சங்கத்தில் வெளியிட்டார்கள். தொழிற்சாலையில் ஒரு பொருள் எங்கே வேலைக்கு உட்படுகிறது, எங்கே நகர்கிறது, எங்கே சும்மா கிடக்கிறது என்று குறிகளால் வரைகிற முறை. பரீட்சையில் நாம் போடுகிற வட்டமும் அம்புக்குறியும் சதுரமும் அதன் வாரிசுகள்தான்.

1924 ஜூன் 14. லண்டனிலும் பிராகாவிலும் நடக்கவிருந்த மாநாடுகளுக்குப் புறப்படும் சமயம். நியூ ஜெர்சி மான்ட்கிளேர் ரயில் நிலையத்திலிருந்து மனைவியோடு டெலிபோனில் பேசிக்கொண்டிருந்தபோதே இதயம் நின்றுவிட்டது. வயது 55.

11 பிள்ளைகளோடு நின்ற லில்லியன், சில நாளிலேயே கணவருக்குப் பதிலாக ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினார். பெண் என்பதால் ஒப்பந்தம் கொடுக்க மறுத்த கம்பெனிகள் உண்டு. அவர் தளரவில்லை. 1935ல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1972ல் 93 வயதில் காலமானார்.

கோடு கண்ணாடிக்குள் வந்தது

1968ல் ஐவன் சதர்லேண்ட் என்ற அறிஞர், தலையில் மாட்டிக்கொண்டு எதிரே உள்ள இடத்தின் மேல் கம்ப்யூட்டர் கோடுகளைப் பார்க்கும் சாதனத்தைச் செய்தார். 1990 வாக்கில் போயிங் விமானக் கம்பெனியில் டாம் காடெல் இதற்கு ஆக்மென்டட் ரியாலிட்டி என்று பெயர் வைத்தார். அங்கே இருந்த பிரச்சினை என்ன தெரியுமா? விமானத்துக்கான வயர் கட்டுகளைப் பெரிய பிளைவுட் பலகையில் விரித்துக் கட்டுவார்கள். தொழிலாளி தாளைப் பார்ப்பார், பலகையைப் பார்ப்பார், மறுபடி தாளைப் பார்ப்பார். வயர் போகிற வழி பலகை மேலேயே தெரிந்தால்? இதை விளக்கிக் காடெலும் அவருடைய சக ஊழியர் மிசெலும் 1992ல் கட்டுரை எழுதினார்கள். 2016ல் கண்ணாடி வைத்துச் செய்த சோதனையில் வயர் வேலை நேரம் 25 சதவீதம் குறைந்ததாகப் போயிங் அறிவித்தது.

தெர்ப்ளிக் கண்ணால் பார்த்தால் விஷயம் புரியும். இந்தக் கண்ணாடி கையை வேகமாக ஓட்டவில்லை. தேடுதல், கண்டுபிடித்தல், தேர்ந்தெடுத்தல் என்ற அசைவுகளைத்தான் குறைக்கிறது. கல்லின் நல்ல முகத்தைக் கொத்தனார் தேட வேண்டியதில்லை என்று கில்பிரெத் செய்த அதே காரியம்! மெஷின் வருவதற்கு முன்பே காலி ஷெட்டில் அதன் உருவத்தை நிறுத்திப் பார்ப்பதும், பிராசஸ் சார்ட்டைத் தாளிலிருந்து தரைக்கு இறக்கியது மாதிரிதான்.

நாம் நிற்கப்போகும் இடம்

இனி அந்தக் கூலிக் கேள்விக்கு வருவோம். மிச்சமாகிற செலவில் தொழிலாளிக்கும் அதிகக் கூலி வர வேண்டும் என்று கில்பிரெத் எழுதியிருக்கிறார். ஆனால் கொடுப்பதும் கொடுக்காததும் முதலாளி கையில் இருந்தது. கேமராவைப் பார்த்துத் தொழிற்சங்கங்கள் பயந்ததில் நியாயம் இருந்தது. இருபது வருஷம் உழைத்துக் கையில் ஏற்றிய வித்தையைச் சில நிமிஷப் படத்தில் எடுத்துவிட்டால், அந்த வித்தை அப்புறம் யாருக்குச் சொந்தம்? கற்றுக் கொடுக்கிற அதே படம், இவன் மெதுவானவன் என்று சாட்சியும் சொல்லுமே!

இன்றைய கண்ணாடியிலும் கேமரா இருக்கிறது. வழி காட்டுகிற கண்ணாடி, எத்தனை விநாடி கை நின்றது என்று எண்ணவும் கூடும். கழுத்து வலிக்கிறதா, கண் எரிகிறதா என்று அது தானாகக் கேட்காது. கருவிகள் வரும், போகும். கூகுள் கம்பெனி தன் கிளாஸ் விற்பனையை 2023ல் நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் 2024ல் ஹோலோலென்ஸ் தயாரிப்பை நிறுத்தியது. கருவி எது வந்தாலும் இந்தக் கேள்விகள் போகாது.

தோழர்களே, டிப்ளமா முடித்த நம்மை எங்கே நிறுத்துவார்கள்? முதலாளி அறையிலும் இல்லை, வெறும் ஹெல்பராகவும் இல்லை. நடுவில், ஷாப் ஃப்ளோரில் சூப்பர்வைசராக நிறுத்துவார்கள். கண்ணாடியைத் தொழிலாளிக்கு மாட்டிவிடுவதும், அதில் வருகிற கணக்கை மேலே அனுப்புவதும் நாமாகத்தான் இருப்போம். அந்தக் கணக்கில் விநாடியை மட்டும் எழுதுவதா, களைப்பையும் எழுதுவதா என்பது ஓரளவு நம்ம கையில் இருக்கும். யாருடைய கைத்திறனைப் படமெடுத்தோமோ அவருடைய பெயரையும் எழுதலாம். எடுப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம்.

கில்பிரெத் கேமராவைத் தூக்குவதற்கு முன்னால் செங்கல்லைத் தூக்கியவர். அதனால்தான் குனிகிற முதுகு அவர் கண்ணுக்குப் பட்டது. நம்மில் பலரும் அப்படிக் குனிந்த முதுகுகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தான். எந்தக் கண்ணாடியைப் போட்டாலும் அந்தப் பார்வையைக் கழற்றி வைக்காமல் இருப்போம்.

வாழ்க உழைப்பு! வளர்க தொழிற்கல்வி!